நிலத்தை விற்று டாக்டருக்குப் படிக்க வைக்கலாமா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு வரை அரசு உதவிபெறும் பள்ளியிலும், பிளஸ் டூ அரசுப் பள்ளியிலும் படித்தாள். நீட்டில் தகுதி பெற்றும் அரசு இடம் கிடைக்கவில்லை. 25 லட்சம் இருந்தால் ஐந்தே வருடத்தில் கிர்கிஸ்தானில் எம்.பி.பி.எஸ். முடிக்கலாம் என்கிறார் ஏஜென்ட். நிலத்தை விற்கலாமா? டாக்டர் படிப்புக்கு இன்னும் மதிப்பிருக்கிறதா? - விருதுநகர் வாசகர்

அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். சொத்தை விற்றுத்தான் படிக்க வேண்டுமென்றால் என் பதில், வேண்டாம். வெறும் எம்.பி.பி.எஸ்ஸோடு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராகச் சேர்ந்தால் கையில் வருவது நிலம் விற்ற பணத்துக்கு ஈடாகாது. மேற்படிப்பு முடித்தால்தான் வருமானம் நிமிரும். அதற்கு இன்னொரு நுழைவுத்தேர்வு, இன்னும் மூன்று வருடம்.

முதலில், தமிழ்நாட்டில் மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. பிளஸ் டூ அரசுப் பள்ளி என்பதால் உண்டு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கிடையாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளி கணக்கில் வராது. ஒரே விலக்கு, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்தவர்களுக்கு அதுவும் இல்லை. உங்கள் மகள் இரண்டிலும் வரமாட்டாள்.

இனி ஏஜென்ட். தேசிய மருத்துவ ஆணையம் (என்.எம்.சி.) 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிப்படி வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில். பிறகு அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி. கூட்டினால் ஐந்தரை வருடம். "ஐந்தே வருடம்" அங்கேயே உதைக்கிறது. அந்த நாட்டுக் குடிமகனைப் போல அங்கே மருத்துவம் பார்க்கும் உரிமமும் கிடைக்க வேண்டும். ஊர் திரும்பியதும், வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தகுதித் தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும். அண்மைத் தேர்வுகளில் மூன்றில் ஒருவர்கூடத் தேறவில்லை. தேறியபின் இங்கே மறுபடி ஒரு வருடப் பயிற்சி.

நோட்டீஸில் "என்.எம்.சி. அங்கீகாரம் பெற்றது" என்று போட்டிருப்பார்கள். வெளிநாட்டுக் கல்லூரி எதையும் என்.எம்.சி. அப்படி அங்கீகரிப்பதில்லை, பட்டியலும் கிடையாது. நிபந்தனையை மட்டும் எழுதிவைத்துவிட்டு, சரிபார்க்கும் வேலையை விவசாயி தலையில் கட்டுகிறார்கள். ஆறு வருடம் கழித்து இங்கே டாக்டராகப் பதிவு மறுக்கப்படும்போது ஏஜென்டின் போன் சுவிட்ச் ஆஃப்!

இவ்வளவுக்குப் பிறகும் அனுப்புவதென்றால் பாடத்திட்ட மாதக் கணக்கு, பயிற்சி நடக்கும் இடம், உரிமம் மூன்றையும் கல்லூரியின் லெட்டர்பேடில் எழுத்தாக வாங்குங்கள். பணத்தைக் கல்லூரிக் கணக்கிலேயே கட்டுங்கள். "விசாவுக்கு" என்று அசல் மதிப்பெண் சான்றிதழைக் கேட்பார்கள், நகல் போதும். அசல் அவர்கள் கையில் போனால், மனம் மாறினாலும் கறக்காமல் திருப்பித் தரமாட்டார்கள்.

நீட் எழுத வயது உச்சவரம்பு இல்லை, இத்தனை தடவைதான் என்றும் இல்லை. நிலத்தை விற்குமுன் இன்னும் ஒரு வருடம் எழுதிப் பார்க்கட்டும்.