1953-இல் திறந்த பழைய நகரம்

அன்புள்ள ஐயா,

வேலை விஷயமாக மூன்று வாரம் வார்சாவில் இருந்தேன். கிளம்பும் முன் அந்த ஊரைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைத் தேடி எடுத்து வாசித்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பழைய நகரச் சதுக்கத்துக்குள் நுழைந்ததும் கால் அப்படியே நின்றுவிட்டது. மஞ்சள், செங்காவி, வெளிர்பச்சை, ரோஜா என்று தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வீடுகள். அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். "கொலுப்படி மாதிரி இருக்கேடி" என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது உடன் வேலை பார்க்கும் போலந்துக்காரர் சிரித்தார். "அது என் பாட்டியைவிட வயதில் சின்னது" என்றார். போரில் எல்லாம் தரைமட்டமாகி, 1950-களில் புதிதாகக் கட்டியதாம். சினிமா செட்டைப் பார்த்து வாய் பிளந்தது போல ஆகிவிட்டது எனக்கு. அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. மிச்ச நாட்களைப் பூங்காக்களிலேயே கழித்தேன். மரங்களாவது பொய் சொல்லாது அல்லவா? போலி என்று தெரிந்த பிறகும் உங்களால் எப்படி அதை ரசிக்க முடிகிறது?

ரா., கோவை

*

அன்புள்ள ரா.,

அந்தக் கட்டுரையில் மறுகட்டுமானத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோனேன். தவறு என்னுடையதுதான், அதனால் இப்போது கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். உங்கள் ஏமாற்றமும் எனக்குப் புரிகிறது. 'செட்' என்ற சொல்லைத்தான் ஏற்க முடியவில்லை.

1944 ஆகஸ்ட் 1-ஆம் தேதி வார்சா மக்கள் ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். 63 நாள் தாக்குப்பிடித்தார்கள். பொதுமக்களில் மட்டும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். கிளர்ச்சி அடங்கி, மிஞ்சியவர்களையும் ஊரைவிட்டு வெளியேற்றிய பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் மனதில் ஆறாமல் இருக்கிறது. எதிர்க்க ஆளில்லாத காலி நகரத்தை, தனிப் படைப்பிரிவுகள் தெருத்தெருவாகப் போய்க் கொளுத்தின. கொளுத்தியும் விழாத கட்டடங்களுக்கு வெடி வைத்தன. பழைய நகரத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் போய்விட்டது. அது போர்ச் சேதம் என்று சொல்லிவிடக்கூடியது இல்லை. இந்த ஊர் இருந்த சுவடே இருக்கக் கூடாது என்று திட்டம் போட்டுச் செய்த வேலை.

அதனால் 1945-இல் அங்கே திரும்பி வந்தவர்கள் முன் இருந்த கேள்வியும் வேறாகத்தான் இருந்தது. பழசு இடிந்தால் இடிபாட்டை அப்படியே காக்க வேண்டும், நகல் கட்டக் கூடாது என்பதே அன்றைய தொல்கட்டடப் பாதுகாப்பு நெறி. யான் சாஹ்வாதோவிச் அந்த நெறியைக் கற்ற நிபுணர். அதிலிருந்து விலகுகிறோம் என்று தெரிந்தேதான் அவர் மறுகட்டுமானத்துக்கு முன்னின்றார். நம் நினைவை அழிக்கவென்றே இடித்திருக்கிறார்கள், அதை இப்படியே விட்டுவிட முடியாது என்பது அவர் தரப்பு.

எதை வைத்துக் கட்டினார்கள்? போருக்கு முன்பே வார்சா தொழில்நுட்பக் கல்லூரியின் கட்டடக்கலை ஆசிரியர்களும் மாணவர்களும் பழைய வீடுகளை அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். ஆக்கிரமிப்பு நாட்களிலும் அந்த வேலை ரகசியமாகத் தொடர்ந்தது. கிளர்ச்சி தோற்ற பிறகு வரைபடங்களை வெளியே கடத்தி, பியோத்ர்கூஃப் என்ற ஊரில் ஒரு மடாலயத்தில் ஒளித்துவைத்தார்கள். நினைத்துப் பாருங்கள். சன்னலின் அகலம் இவ்வளவு, நிலைக்கல்லின் உயரம் இவ்வளவு என்று எழுதிய தாள்கள் அவை. ஊரே எரிந்துகொண்டிருக்கும்போது அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

வழிகாட்டிகள் வேறொரு கதை சொல்வார்கள். கனலெட்டோவின் ஓவியங்களைப் பார்த்துத்தான் ஊரை மறுபடி கட்டினார்கள் என்பார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அவர் வெனிஸின் புகழ்பெற்ற கனலெட்டோ அல்ல, அவருடைய சகோதரி மகன் பெர்னார்தோ பெலோட்டோ. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போலந்து மன்னரின் அரண்மனை ஓவியராக இருந்தவர். அவர் படங்கள் அதிகமும் காட்டுவது அரண்மனைக்குத் தெற்கே போகும் அரச வீதியின் மாளிகைகளையும் தேவாலயங்களையும். அங்கே அவை உண்மையிலேயே உதவின. நீங்கள் நின்ற சதுக்கத்துக்கோ பெரும்பாலும் மாணவர்களின் அளவுத் தாள்கள்தான் ஆதாரம். ஓவியத்தைப் பார்த்துக் கட்டினார்கள் என்பது கேட்க அழகாக இருப்பதால் அந்தக் கதையே நிலைத்துவிட்டது. எனக்கு அளவுத் தாள்களின் கதைதான் அதிகம் பிடிக்கும்.

இப்போது நிறங்களுக்கு வருகிறேன். ஒன்றைச் சொன்னால் உங்கள் வருத்தம் கூடுமோ என்னவோ. அந்த வண்ணங்கள் 1939-இல் இருந்த வண்ணங்களின் நகலும் இல்லை. சதுக்கத்து முகப்புகளுக்கு வண்ணமும் ஓவியமும் தீட்டும் பெரிய முயற்சி ஒன்று 1928-இல் நடந்தது. 1953-இல் வந்த ஓவியர்கள் அதையும் திருப்பி வரையவில்லை. தங்கள் காலத்துக் கையால் புதிதாகவே செய்தார்கள். அந்த ஆண்டு ஜூலை 22-ஆம் தேதி சதுக்கத்தைத் திறந்தார்கள்.

அடுத்த முறை போனால் ஒரு வீட்டின் அருகே, சுவருக்கு ஒரு முழ தூரத்தில் நின்று பாருங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தூரிகையால் தீட்டியது போலத் தெரியும் பல அலங்காரங்கள் தீட்டியவை அல்ல, சுரண்டியவை. ஸ்கிராஃபீத்தோ என்று பெயர். முதலில் ஒரு நிறத்தில் காரை பூசுவார்கள். அதன்மேல் வேறு நிறத்தில் மெல்லிய பூச்சு. மேல்பூச்சின் ஈரம் காய்வதற்குள் கூர்மையான கருவியால் கோடு கோடாகச் சுரண்டினால் அடியிலிருக்கும் நிறம் வெளியே வரும். காய்ந்துவிட்டால் எதையும் மாற்ற முடியாது. நான் பார்த்த சுவரில் ஒரு கொடியின் வளைவு நடுவில் சற்றுத் தடுமாறி, மறுபடி நேராகிப் போயிருந்தது. விரல் நுழையாத அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் மணல் துகள்கள் தெரிந்தன. சாரத்தில் நின்ற யாரோ ஒருவருடைய கை அங்கே ஒரு நொடி தயங்கியிருக்கிறது. போலி என்றால் அந்தத் தயக்கத்தை என்ன என்பது?

செட்டுக்குப் பின்னால் போனால் மூங்கிலும் பலகையும்தான் இருக்கும். இங்கே வளைவு வாசல் ஒன்று திறந்திருந்தால் எட்டிப் பாருங்கள். போருக்கு முன் அந்த வீடுகளின் பின்கட்டுகளில் ஒன்றோடொன்று நெருக்கிக் கட்டிய குடியிருப்புகள் இருந்தன. வெளிச்சம் கிடையாது, காற்று கிடையாது. மறுபடி கட்டியபோது அவற்றில் பெரும்பகுதியைக் கட்டாமல் விட்டு, முற்றங்களைத் திறந்து, புல்லும் மரமும் வைத்தார்கள். முகப்பு பழைய பாணியில், உள்ளே குளியலறையும் வெப்பக் குழாயும் உள்ள குடியிருப்புகள். நான் எட்டிப் பார்த்த முற்றத்தில் ஒரு பாட்டி மாடிச் சன்னலிலிருந்து ஜெரேனியத் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கீழே ஒரு குழந்தை சைக்கிள் ஓட்டியது. 1980-இல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது, முழுதாக மறுகட்டுமானம் செய்தது என்று தெரிந்தே, அதற்காகவே ஏற்றது.

சரி, மரங்கள் பொய் சொல்லாது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதிக நேரம் இருந்தது வஜியென்கி பூங்காவில்தான் என்று நினைக்கிறேன், வார்சா போகிற யாரும் அங்கே போகாமல் இருப்பதில்லை. ஏறக்குறைய 190 ஏக்கர். பெயருக்குப் பொருள் குளியல் இல்லம். 17-ஆம் நூற்றாண்டில் ஒரு பிரபு அங்கே குளியல் மாளிகை கட்டினார். பின்னால் மன்னர் ஸ்தானிஸ்வாஃப் ஆகஸ்ட் அந்த இடத்தை வாங்கி, அதையே குளத்தின் நடுவே நிற்கும் அரண்மனையாக மாற்றினார். பெலோட்டோவை வைத்துத் தன் நகரத்தை வரையச் சொன்னவரும் அவரேதான். வெள்ளை அரண்மனை, அதன் நிழல் விழும் நீர், கரையில் மயில்கள். எனக்கும் பிரியமான இடம்.

ஆனால் அந்த அரண்மனையும் 1944 கடைசியில் எரிந்தது. தகர்ப்பதற்காகச் சுவர்களில் வெடிமருந்துத் துளைகள்கூடப் போட்டார்கள், எப்படியோ வெடிக்காமல் தப்பியது. அதே பூங்காவில் காற்றில் வளைந்த வில்லோ மரத்தடியில் போலந்து இசைமேதை ஷோபின் உட்கார்ந்திருக்கும் வெண்கலச் சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1926-இல் திறந்தது. ஆக்கிரமிப்பாளர்கள் வார்சாவில் முதலில் தகர்த்த நினைவுச்சின்னம் அதுதான், 1940 மே மாதம். இப்போதிருப்பது 1958-இல் மறுபடி வைத்தது. அடுத்த ஆண்டிலிருந்து கோடை ஞாயிறுகளில் மதியமும் மாலையும் அதன் காலடியில் இலவசப் பியானோ கச்சேரி நடக்கிறது. நான் போன ஞாயிறன்று ரோஜாப் பாத்திகளைச் சுற்றிப் பெஞ்சுகளெல்லாம் நிறைந்து, மக்கள் புல்லில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் யாரும் இது பழைய சிலையா புதுச் சிலையா என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தப் பூங்காவின் அணில்களைப் பற்றி நீங்கள் எழுதாதது ஆச்சரியம். முதுகில் கோடு இல்லாத, செம்பழுப்பு நிற, காது நுனியில் மயிர்க் குஞ்சம் வைத்த அணில்கள். ஊர்க்காரர்கள் எல்லா அணிலையும் ஒரே பெயரில் "பாஷா, பாஷா" என்று கூப்பிடுகிறார்கள். கையில் கொட்டை இருந்தால் வந்துவிடும். என் உள்ளங்கையில் முன்கால்களை ஊன்றி ஒரு அக்ரூட்டை எடுத்தது. நகம் படுவது பென்சில் முனை படுவது போல இருந்தது.

இப்போது எனக்குள்ள உண்மையான வருத்தத்தைச் சொல்கிறேன். வார்சாவில் கேட்க வேண்டிய கேள்வி எது போலி என்பதைவிட, எதைத் திருப்பிக் கட்டவில்லை என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய நகரத்திலிருந்து மேற்கே நடந்தால் கிராசின்ஸ்கி தோட்டம் வரும். 18-ஆம் நூற்றாண்டிலேயே பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பூங்கா. நிதானமாக நடந்து அதன் மறுபக்கம் வெளியே வந்தால் முரானூஃப். போருக்கு முன் வார்சாவின் யூதர்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி. 1940 நவம்பரில் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்த கெட்டோவின் பெரும்பகுதி இங்கேதான் இருந்தது. நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்களை அதற்குள் அடைத்தார்கள். 1942 கோடையில் பெரும்பாலானவர்களை ட்ரெப்லிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1943 ஏப்ரல் 19-ஆம் தேதி மிஞ்சியவர்கள் ஆயுதம் எடுத்தார்கள். அதன்பின் கெட்டோவைக் கொளுத்தி இடித்ததில், நோவோலிப்கி தெருவில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயக் கோபுரம் மட்டும் செங்கல் கடலுக்கு நடுவே நின்றது. அந்தப் புகைப்படத்தைப் பார்த்தவர்களால் மறக்க முடியாது.

அந்தத் தெருக்களுக்கு மறுகட்டுமானம் நடக்கவில்லை. அங்கே வாழ்ந்தவர்களில் திரும்பி வந்து கேட்கவும் அதிகம் பேர் இல்லை. அள்ளி மாளாத இடிபாடு கிடந்தது. பொக்தான் லாஹெர்ட் என்ற கட்டடக் கலைஞர் அதை அள்ள வேண்டாம் என்று முடிவு செய்தார். இடிபாட்டை மேடாகச் சமன்செய்து அதன்மேல் வீடுகள், அதே இடிபாட்டை நொறுக்கி வார்த்த கற்களால் சுவர்கள். அந்தச் சுவர்களுக்குப் பூச்சு வேண்டாம் என்பது அவர் எண்ணம். செங்கல் தூளின் சிவப்பும் சாம்பலும் அப்படியே தெரிந்தால் அந்த இடமே நினைவுச்சின்னமாக இருக்கும் என்று நினைத்தார்.

குடிவந்தவர்களுக்கு அது இருண்டு கிடப்பதாகப் பட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் இழந்து ஒரு வீடு கிடைத்து வந்தவர்கள் வெளிச்சமான சுவரைக் கேட்டதில் என்ன தவறு? 1950-களின் தொடக்கத்தில் சுவர்களுக்குக் காரை பூசி, வெளிர் வண்ணம் அடித்து, அலங்காரமும் வைத்துவிட்டார்கள். ஒரே நகரம், ஏறக்குறைய ஒரே ஆண்டுகள். சதுக்கத்தில் இழந்ததைக் காட்டுவதற்காக வண்ணம் பூசினார்கள். முரானூஃபில் அதே பூச்சு இழந்ததை மூடிவிட்டது. நான் அந்த ஊரை நினைக்கும்போதெல்லாம் இந்த இரண்டு சுவர்களும் சேர்ந்தேதான் நினைவுக்கு வருகின்றன. பழைய நகரம் பொய் என்று நீங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டால் இந்த இரண்டாவது சுவரும் உங்கள் கண்ணில் படாமலே போய்விடும் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

மறுபடி வார்சாவுக்கு அனுப்பினால், ஒரு ஞாயிறு காலை சதுக்கத்தில் ஆரம்பியுங்கள். அம்மாவுக்குத் தாராளமாக வீடியோ காட்டுங்கள், அவர் சொன்ன கொலுப்படி மிகச் சரியான சொல். பிறகு கிராசின்ஸ்கி தோட்டம் வழியாக முரானூஃபுக்குப் போங்கள். வழியில் நடைபாதையில் 1940-1943 என்று பொறித்த இரும்புப் பட்டைகள் பதித்திருக்கும். கெட்டோ சுவர் நின்ற கோடு அது. முரானூஃபில் சில வீடுகள் தெருவைவிட உயரமாக, புல் சரிவின்மேல் நிற்பதையும், வாசலுக்குப் போகப் படிகள் இருப்பதையும் பார்ப்பீர்கள். அந்தச் சரிவு இயற்கையான மேடு இல்லை. மேலே நன்றாக வளர்ந்த மரங்கள் நிற்கின்றன. நான் போனபோது ஒரு படிக்கட்டின் ஓரத்தில் காரை பெயர்ந்து, சாம்பல் நிறக் கல்லுக்குள் நகக்கண் அளவு சிவப்புச் செங்கல் துண்டுகள் தெரிந்தன. இப்போது அதைப் பூசியிருக்கலாம். இன்னும் தெரிந்தால் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.