மகன் அழைக்கும் பீர் தோட்டத்திற்குப் போகலாமா?

கேள்வி: மியூனிக் நகரில் வேலை செய்யும் எங்கள் மகன், ஜூலையில் நாங்கள் அங்கு போகும்போது, ஒரு பிற்பகல் முழுவதும் பீர் தோட்டத்தில் உட்காரலாம் என்கிறான். என் கணவர் குடியை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கள்ளுக்கடையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தப் பெயரே அச்சமூட்டுகிறது. போகலாமா?
— ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் அச்சம் நியாயமானது. சம்பள நாளன்று அப்பாவை அழைத்து வரும்படி பிள்ளையைக் கள்ளுக்கடைக்கு அனுப்பிவிட்டு லயத்து வாசலில் காத்திருந்த தாய்மார்களை நானும் பார்த்திருக்கிறேன். 1941இல் மலாயாவின் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது.

ஆனால் உங்கள் மகன் சொல்லும் இடம் உருவான விதம் வேறு. கோடையில் பீர் கெடாமலிருக்க அதை நிலவறைகளில் வைத்திருந்த மதுவடிப்போர், அந்த அறைகள் குளிர்ச்சியாக இருக்கும்பொருட்டு மேலே செஸ்நட் மரங்களை நட்டுச் சரளைக்கல் பரப்பினார்கள். அந்த நிழலிலேயே விற்பனையும் தொடங்கிவிட, நகரத்து விடுதிக்காரர்கள் முறையிட்டதன் பேரில், 1812இல், மியூனிக்கைத் தலைநகராகக் கொண்ட பவேரியாவின் மன்னர் முதலாம் மேக்சிமிலியன், அங்கே பீரும் ரொட்டியும் தவிர வேறு உணவு விற்கக் கூடாது என்று ஆணையிட்டார். அதனால் குடும்பங்கள் வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தன. இப்போது அங்கே உணவும் கிடைக்கிறது என்றாலும், சொந்த உணவைக் கொண்டுவந்து சாப்பிடும் வழக்கத்தை 1999ஆம் ஆண்டின் பவேரிய விதிமுறையும் ஏற்றிருக்கிறது. ஆகவே மகன் வீட்டில் புளிச்சோறும் நெத்திலி சம்பாலும் செய்து தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். துணி விரித்த மேசைகள் பணியாளர் பரிமாறும் பகுதியைச் சேர்ந்தவை என்பதால், வெறும் பலகை மேசையாகப் பார்த்து உட்காருங்கள். பானத்தை மட்டும் அங்கேயே வாங்க வேண்டும்.

எனக்குப் பெரிதாகப் படுவது உங்கள் கணவரின் நிலைதான். அங்கே வழக்கமான குவளை 1 லிட்டர் கொள்ளும். சுற்றிலும் எல்லார் கையிலும் அது இருக்கும். எலுமிச்சைப் பானம் போலத் தோன்றும் ராட்லரில் ஏறக்குறைய பாதி பீர். மதுவற்றது என்று விற்கப்படும் பீரிலும் 0.5 விழுக்காடு வரை மது இருக்கலாம்; அதைவிட, அந்த மணமே பழைய பழக்கத்தைத் தட்டி எழுப்பக்கூடும் என்பதால் அதையும் தவிர்ப்பது நல்லது. ஆப்பிள் சாற்றில் சோடா கலந்த ஷோர்லே எங்கும் கிடைக்கும்.

எனினும், அவருக்காக நீங்களே முடிவெடுத்துவிடாதீர்கள். அங்குள்ள நிலவரத்தை மறைக்காமல் சொல்லி, உட்கார முடியுமா என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்வதை மகனுக்கு இப்போதே தெரிவித்துவிடுங்கள். அவர் இசைந்தால், கூட்டம் குறைவாக உள்ள வார நாளில் மதியமே போய், மாலைக் கூட்டம் சேருமுன் எழுந்துவிடுங்கள். தயங்கினால், மியூனிக்கின் ஆங்கிலப் பூங்காவில் சீனக் கோபுரத்தடியில் இருக்கும் பீர் தோட்டத்தை விட்டு நன்றாகத் தள்ளி, ஏதாவதொரு மரத்தடிப் புல்வெளியில் பாயை விரித்து, அந்தச் சோற்றுப் பொட்டலத்தை அங்கே பிரியுங்கள்.