வீட்டை ஈடு வைத்து டாக்டராக்க வேண்டாம்

அம்மா, உங்கள் மகளின் உயர்தரப் பரீட்சை இசட் புள்ளி மருத்துவபீட வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. வெள்ளவத்தை வீட்டை ஈடு வைத்தாவது வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படிப்பிக்கச் சொல்லி லண்டன் மாமா நெருக்குகிறார். உங்கள் கவலை விளங்குகிறது. ஆனால் இதற்கு நான் உடன்படமாட்டேன். படித்து வந்தாலும் இலங்கை மருத்துவ சபையின் ஈஆர்பிஎம் என்ற பதிவுப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் இங்கே உள்ளகப் பயிற்சி. அதுவரை வட்டி ஓடும். அதை மாமா கட்டப்போவதில்லை.

மகள் கேட்டது ஒன்றே ஒன்று: தண்ணீரில் கிடந்த சடலம், உயிரோடு மூழ்கியதா, இறந்தபின் போடப்பட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவளது நாட்டம் அங்கேதான் இருக்கிறது.

இப்படியான கேள்விகளுக்கு விடை தேடுவோர் கவனிப்பவை அக்குவாபோரின் புரதங்கள். கலமென்சவ்வில் நீர் கடக்கும் வாயில்கள் இவை. இவற்றைக் கண்டறிந்ததற்காகவே பீட்டர் ஆக்ரே 2003இல் இரசாயன நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நுரையீரலின் காற்றுச் சிற்றறைகளில் இருப்பது அக்குவாபோரின் 5. உப்புநீரில் மூழ்கியவர்களைவிட நன்னீரில் மூழ்கியவர்களில் இதற்கான பரம்பரையலகின் வெளிப்பாடு குறைந்திருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தோலில் உள்ள அக்குவாபோரின் 3, கழுத்து நெரிபட்ட தழும்பில் கூடியிருந்தால், நெரிபட்டபோது உயிர் இருந்தது என்பதற்கு அது ஒரு சான்று.

பரம்பரையலகின் வெளிப்பாட்டை, அதன் பிரதியான ஆர்என்ஏயின் அளவு காட்டும். அதை அளக்கும் வேலை இப்படிப் போகும். அரை சென்ரிமீற்றருக்கு மேல் தடிப்பில்லாத இழையத் துண்டை ஆர்என்ஏ காக்கும் கரைசலில் இடவேண்டும், அல்லது திரவ நைதரசனில் உறையவைத்து மறை 80 பாகையில் வைக்கவேண்டும். தடித்த துண்டென்றால் கரைசல் உள்ளே ஊறுமுன் நடுப்பகுதி கெட்டுவிடும். பிறகு ஆர்என்ஏ பிரித்தெடுத்து, அதன் தரம் பார்த்து, அதிலிருந்து சீடிஎன்ஏ என்ற டிஎன்ஏ படியை ஆக்கி, அதைப் பெருக்கியபடியே அளக்கும் நிகழ்நேர பிசிஆரில், அளவு அதிகம் மாறாத ஒப்பீட்டுப் பரம்பரையலகோடு சேர்த்து அளக்கவேண்டும். டிஎன்ஏ கலந்திருந்தால் அளவு பொய்யாகக் கூடும். ஆகவே சீடிஎன்ஏ ஆக்கும் நொதி சேர்க்காத கட்டுப்பாட்டு மாதிரி ஒன்றும் கட்டாயம் ஓடவேண்டும். கொழும்பு வெயிலில் இரண்டு நாள் கிடந்த சடலத்தில் ஆர்என்ஏ சிதைந்திருக்கும். அந்த எண்ணை நம்பி அறிக்கை எழுதக்கூடாது.

இது இன்னும் ஆய்வுக்கட்டத்தில்தான் இருக்கிறது. இதற்கென்று தனி வேலை இல்லை. ஆனால் இதே கைப்பழக்கம்தான் டிஎன்ஏ அடையாளப் பரிசோதனைக்கும் நோய் கண்டறியும் ஆய்வுகூடத்துக்கும் வேண்டும். "பிரேதத்தோடா வேலை?" என்று பயப்படாதீர்கள். பிரேத பரிசோதனை செய்பவர் சட்ட வைத்திய அதிகாரி, அவர் மருத்துவர். மகளின் மேசைக்கு வருவது சிறு குப்பி.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பத்தில் உயிரியல் விஞ்ஞானம், மூலக்கூற்று உயிரியல் சார்ந்த கற்கைநெறிகளை மேலே போடுங்கள். அரச பல்கலைக்கழகத்தில் முதற்பட்டத்துக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை. வரிசையை மகளே எழுதட்டும்.