பேக்கப் ஓடும்போது மட்டும் வரும் எர்ரர் 24: கேள்வி பதில்

கேள்வி: இரவு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை பேக்கப் எடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப் பாதியிலேயே நின்றுவிடுகிறது. "எர்ரர் 1016, கேன்ட் ஓப்பன் ஃபைல், எர்நோ 24" என்று வருகிறது. டேபிள் கெட்டுவிட்டதா? ரிப்பேர் போடட்டுமா?

ரிப்பேரைத் தொடாதீர்கள், டேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. 24 என்பது லினக்ஸ் கொடுக்கும் எண். மைஎஸ்க்யூஎல் சர்வரின் பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) தனக்கு அனுமதித்த அளவுக்கு ஃபைல்களைத் திறந்துவிட்டது, இனி புதிதாகத் திறக்க முடியாது என்று அர்த்தம்.

பகலில் ஏன் வரவில்லை என்றால், அப்ளிகேஷன் தொடுவது சில டேபிள்களைத்தான். டம்ப் அப்படியில்லை. ஒரு டேட்டாபேஸில் உள்ள எல்லா டேபிள்களையும் ஒரே 'லாக் டேபிள்ஸ்' கட்டளையில் பூட்டும். பூட்ட வேண்டுமென்றால் அத்தனையையும் ஒரே சமயத்தில் திறந்தாக வேண்டும்.

டேபிள்கள் எல்லாம் இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல் டேபிளைச் சேமிக்கும் ஒரு முறை) என்றால் 'சிங்கிள்-டிரான்சாக்‌ஷன்' ஆப்ஷனைச் சேருங்கள். மொத்தமாகப் பூட்டும் வேலையே இருக்காது. மைஐஸாம் என்ற பழைய முறை டேபிள்கள் கலந்திருந்தால் அவற்றுக்கு இது ஒரே கணத்தின் தகவலைத் தராது. அங்கே திறக்கும் ஃபைல்களின் லிமிட்டை உயர்த்துவதுதான் வழி.

கேள்வி: லிமிட்ஸ்.கான்ஃப் ஃபைலில் 65535 போட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். இன்னும் 1024 தான் காட்டுகிறது. தலை சுற்றுகிறது சார்.

பலரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. அந்த ஃபைல் பாம் (லினக்ஸின் லாகின் சரிபார்ப்பு) வழியாக லாகின் செய்யும் செஷன்களுக்கானது. சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் புரோகிராம்) கிளப்பும் சர்வீஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கொடுத்து, சர்வீஸ் பகுதியில் 'லிமிட்நோஃபைல்' வரியைச் சேர்த்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் செட்டிங் ஃபைலான மை.சிஎன்எஃப்-இல் உள்ள 'ஓப்பன்_ஃபைல்ஸ்_லிமிட்' மட்டும் போதாது: சர்வர் ரூட்டாக ஓடாதபோது, சிஸ்டம்டி கொடுத்த ஹார்டு லிமிட்டை (உச்ச வரம்பை) தாண்ட அதனால் முடியாது.

உங்கள் ஷெல்லில் 'யுலிமிட்' அடித்துப் பார்ப்பதில் பயனில்லை, அது உங்கள் ஷெல்லின் கணக்கு. ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸின் எண்ணை எடுத்து, ப்ராக் டைரக்டரியில் அந்த எண்ணுக்குக் கீழே இருக்கும் 'லிமிட்ஸ்' ஃபைலைப் படியுங்கள். அதில் இருப்பதுதான் நிஜம்.

எர்ரர் லாகையும் ஒருமுறை பாருங்கள். 1024 தான் கிடைத்தது என்றால் மைஎஸ்க்யூஎல் ஒரு எச்சரிக்கை வரியோடு டேபிள் கேஷை (திறந்தே வைத்திருக்கும் டேபிள்களின் எண்ணிக்கையை) 400 வரைக்கும், கனெக்‌ஷன்களை 214 வரைக்கும் குறைத்துக்கொள்ளும். "500 கொடுத்தேன், 214 தான் வருகிறது" என்று யாராவது புலம்பினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கேள்வி: எங்கள் சர்வர் லிமிட் சரியாகவே இருக்கிறது. ஆனாலும் எக்ஸ்ட்ராபேக்கப் (டேட்டா ஃபைல்களையே நகலெடுக்கும் பேக்கப் கருவி) 24 என்று சாகிறது.

அது தனி பிராசஸ் அண்ணே, சர்வரின் லிமிட் அதற்கு வராது. ஆரம்பத்திலேயே இன்னோடிபி டேட்டா இருக்கும் ஐபிடி ஃபைல்கள் எல்லாவற்றையும் தானே திறந்து வைத்துக்கொள்ளும். டேபிளுக்கு ஒரு ஃபைல், பார்ட்டிஷன் செய்த (துண்டுகளாகப் பிரித்த) டேபிளானால் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஒன்று. 50 டேபிள்கள், தலா 100 பார்ட்டிஷன் என்றாலே 5000 ஃபைல். டேட்டா டைரக்டரியில் ஐபிடி ஃபைல்கள் எத்தனை என்று எண்ணி, அதைவிடத் தாராளமான அளவை பேக்கப் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் 'யுலிமிட்' மூலம் கொடுங்கள். கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் (குறித்த நேரத்தில் தானே ஓட்டும் வசதி) மட்டும் விழுகிறது என்றாலும் இங்கேதான் தேட வேண்டும்.

'க்ளோஸ்-ஃபைல்ஸ்' ஆப்ஷன் போட்டாலும் எர்ரர் போகும். நான் போடமாட்டேன். பேக்கப் நடுவே யாராவது டேபிளை மாற்றினால் நகல் பழுதாக வாய்ப்புண்டு.

கேள்வி: எவ்வளவுதான் கொடுப்பது? பேசாமல் பத்து லட்சம் போட்டுவிடலாமா?

கணக்கு இருக்கிறதே. டேபிள் கேஷ் அளவின் இரு மடங்கு, அதோடு அதிகபட்ச கனெக்‌ஷன்கள், அதோடு 10. கேஷ் 4000, கனெக்‌ஷன் 300 என்றால் 8310. அதன் இரு மடங்கு கொடுத்தால் நிம்மதி. எர்ரர் எண் 24 இல்லாமல் 23 என்று வந்தால் விஷயமே வேறு: மொத்த மெஷினின் எல்லை தீர்ந்திருக்கிறது, கெர்னலின் 'ஃபைல்-மேக்ஸ்' பக்கம் போங்கள்.

கேள்வி: போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸிலும் இதே வைத்தியமா?

இல்லை. அங்கே ஒவ்வொரு பேக்எண்டும் (ஒரு இணைப்பைக் கவனிக்கும் சர்வர் பகுதி) தனி பிராசஸ், ஒவ்வொன்றுக்கும் இயல்பாக 1000 ஃபைல் வரை. மெஷின் தாங்கவில்லை என்றால் 'மேக்ஸ்_ஃபைல்ஸ்_பெர்_பிராசஸ்' அளவைக் குறைக்க வேண்டும், கூட்டக் கூடாது. ஆயிரக்கணக்கில் டேபிள் இருக்கும்போது பிஜிடம்ப் (அங்கே டம்ப் எடுக்கும் கருவி) "அவுட் ஆஃப் ஷேர்டு மெமரி" என்றால் அது லாக் எண்ணிக்கைப் பிரச்சினை. 'மேக்ஸ்_லாக்ஸ்_பெர்_டிரான்சாக்‌ஷன்' 64-இலேயே இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: எர்ரர் வந்தாலும் தினமும் ஜிஜிப் ஃபைல் உருவாகிறது, கிரானும் வெற்றி என்கிறது. அவசரமில்லைதானே?

இன்றைக்கே பாருங்கள்! டம்ப் முதல் எர்ரரிலேயே நின்றிருக்கும், அதுவரை வந்ததை ஜிஜிப் சமர்த்தாகச் சுருக்கி வைத்திருக்கும். பைப்பில் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும்போது) கடைசிக் கட்டளையின் முடிவுதான் ஸ்கிரிப்டுக்குத் தெரியும், அதனால்தான் வெற்றி. பாஷ் ஸ்கிரிப்டில் 'பைப்ஃபெயில்' போடுங்கள், இடையில் ஒன்று தோற்றாலும் தோல்வி என்று சொல்லும். பழைய ஃபைல்களை விரித்து, கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' இருக்கிறதா என்று பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே வாருங்கள். முழுதாக ஒன்று கிடைக்கும்வரை எதையும் அழிக்காதீர்கள்.