புளிக்கிற மாமரத்தை வெட்டலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

மேலூர் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் அப்பா கொட்டை போட்டு வளர்த்த மாமரம் நிற்கிறது. பழம் ஒரே நார், புளிப்பு. வியாபாரி எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வெட்டிவிட்டு இமாம் பசந்த் ஒட்டுக்கன்று வைக்கலாம் என்கிறான் மகன். மாவிலைக் கஷாயம் சர்க்கரையைக் குறைக்கும் என்று வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு, மரம் இருக்கட்டும் என்கிறாள் மனைவி. தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மரம் இருக்கட்டும். ஆனால் கஷாயத்துக்காக அல்ல. மாவிலையை நம்பி மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள்.

பழத்தை வைத்து அந்த மரத்தை எடை போடுவதே தவறு. அது மாவடு மரம்; பிஞ்சை ஊறுகாய் போடத்தான். அழகர்கோவில் பக்கத்து வடு வந்துவிட்டதா என்று மதுரைக்காரர்கள் மாசியிலேயே விசாரிக்கத் தொடங்குவது எதற்காக? காம்பைக் கிள்ளினால் பால் பீறிட்டு மூக்கில் வாசம் ஏற வேண்டும். அது நாட்டு மரத்துப் பிஞ்சுக்கே உரியது. ஒட்டு ரகப் பிஞ்சு ஊறினால், என் நாக்குக்குச் சவசவவென்றுதான் இருக்கிறது. காம்போடு பறித்து, கழுவித் துடைத்து, விளக்கெண்ணெயில் புரட்டி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தினமும் ஜாடியைக் குலுக்குங்கள். சில நாளில் வடு தோல் சுருங்கித் தான் விட்ட நீரிலேயே மிதக்கும். கடுகும் மிளகாயும் அரைத்துச் சேர்ப்பது அதன்பிறகுதான். (பால் பட்டுச் சிலருக்கு உதடு வெந்துவிடும். மாவும் முந்திரியும் ஒரே குடும்பம், குணம் போகுமா?)

இன்னொன்று. நம் நாட்டு மா ரகங்களில் பெரும்பாலானவை கொட்டையிலிருந்து முளைத்தால் தாயைப் போல இருப்பதில்லை. அதனால்தான் ஒட்டுக் கட்டுகிறார்கள். இமாம் பசந்த் எந்த நர்சரியிலும் கிடைக்கும். உங்கள் அப்பா வளர்த்த மரத்துக்கு இரட்டை கிடையாது.

சங்க காலத்துச் சிற்றரசன் நன்னன் கதை தெரிந்திருக்கும். அவனது காவல் மாமரத்தின் காய் ஆற்றில் மிதந்து வந்தது. எடுத்துத் தின்ற பெண்ணைக் கொன்றுவிட்டான். எண்பத்தொரு யானையும் அவள் எடைக்குப் பொற்பாவையும் தருவதாகச் சொல்லியும் அவன் இறங்கிவரவில்லை என்கிறது குறுந்தொகை 292ஆம் பாட்டு. பிறகு அந்த மரத்தைக் கோசர் என்ற வீரக் குடியினர் வெட்டிச் சாய்த்தார்கள். அவர்களுக்குக் காரணம் இருந்தது. உங்கள் மரம் செய்த குற்றம் புளிப்பு மட்டுமே.

மகனுக்கும் வழி இருக்கிறது. காய்ப்பு ஓய்ந்ததும் ஒரு கிளையைக் குறைத்துவிட்டு, வரும் புதுத் துளிரில் இமாம் பசந்த் ஒட்டுக் கட்டச் சொல்லுங்கள். மற்ற கிளைகளை வடுவுக்கு விட்டுவிடுங்கள்.