தபனுலி ஒராங்குட்டான்: கேள்வி-பதில்

கே: 2017-இல்தான் கண்டுபிடித்தார்களாமே? இவ்வளவு பெரிய குரங்கு அதுவரை எங்கே ஒளிந்திருந்தது?

ப: ஒளியவே இல்லை. வடக்கு சுமத்ராவின் பாத்தாங் தோரு மலைக்காட்டில்தான் இருந்தது. சுமத்ரா ஒராங்குட்டான்தான் இதுவும் என்று நினைத்திருந்தார்கள். 2013-இல் மனிதர்களால் காயப்பட்டு இறந்த ஓர் ஆணின் மண்டையோட்டை ஒப்பிட்டபோது வித்தியாசம் தெரிந்தது. மரபணுவும் ஒத்துச் சொல்ல, தனி இனமாக அறிவித்தார்கள்.

கே: 800-க்கும் குறைவு என்கிறார்கள். காட்டுக்குள் எப்படித் தலை எண்ணுவார்கள்?

ப: தலையை எண்ணுவதில்லை, கூட்டை எண்ணுகிறார்கள். ஒராங்குட்டான் தினமும் சாயங்காலம் மரத்தின் மேல் கிளைகளை வளைத்து, முறித்து, இலை பரப்பிப் புதுப் படுக்கை போட்டுக்கொள்ளும். நேர்கோட்டில் நடந்தபடியே அண்ணாந்து பார்த்துக் கூடுகளைக் குறித்துக்கொள்வார்கள். இலை பச்சையாக இருந்தால் புதுக்கூடு. பழுப்பேறி, ஓட்டை வழியே வானம் தெரிந்தால் பழசு. ஒரு கூடு உதிர்ந்துபோக எத்தனை நாளாகும் என்பது தெரிந்தால் கணக்கு வந்துவிடும். கழுத்துவலி தனி.

கே: ரேஷன் கடையில் பாமாயில் வாங்குகிறோம். எங்களுக்கும் பாவத்தில் பங்கு உண்டா?

ப: சுமத்ராவின் தாழ்நிலக் காடுகள் போனதில் எண்ணெய்ப் பனைக்குப் பெரிய பங்கு உண்டு, இந்தோனேசியப் பாமாயிலை இந்தியா நிறையவே வாங்குகிறது. ஆனால் இந்தக் குரங்குக்கு மிஞ்சியிருப்பது சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் மலைக்காடு. அங்கே தலைவலி வேறு: 510 மெகாவாட் நீர்மின் திட்டம், மார்த்தாபே தங்கச் சுரங்கம், இவற்றுக்காகப் போடும் சாலைகள், பழத்தோட்டத்துக்குள் வந்த குரங்கைச் சுடுவது. காடு ஏற்கெனவே மூன்று துண்டு. மேற்குத் துண்டையும் கிழக்குத் துண்டையும் மறுபடி இணைக்க வேண்டிய ஆற்றோரத்தில்தான் அணை வருகிறது. எனக்கு எண்ணெயைவிட இதில்தான் அதிகக் கவலை.

கே: மிருகக்காட்சி சாலையில் வளர்த்துப் பெருக்கிக் காட்டில் விட்டால் என்ன?

ப: தாய் எட்டு ஒன்பது வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும். எந்த மரம் எப்போது பழுக்கும் என்பதைக் குட்டி வருஷக்கணக்கில் தாயோடு அலைந்துதான் கற்கிறது; கூண்டில் அதைச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? வளர்ந்த குரங்குகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் கொல்லப்பட்டாலோ பிடிபட்டாலோ இனமே தாங்காது என்பது ஆய்வாளர்கள் கணக்கு. எண்ணூறிலும் அது எட்டுதான்.

கே: நேரில் போய்ப் பார்க்கலாமா?

ப: சளி, இருமல் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நம்முடையது அதற்கும் ஒட்டிக்கொள்ளும்.