பெரியவளின் கணக்கு நோட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

நாமக்கல்லிலிருந்து எழுதுகிறேன். எனக்கு மூன்று பிள்ளைகள். பெரியவளுக்கு 11 வயது, நடுவில் பையனுக்கு 7, கடைக்குட்டிக்கு இரண்டரை. போன ஜூனில் பெரியவர்கள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டோம். உங்கள் பிள்ளைகளை வீட்டில் படிக்க வைப்பது பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்துத்தான் எங்களுக்கு அந்தத் தைரியம் வந்தது.

இப்போது தைரியம் கரைந்துகொண்டிருக்கிறது. 9 மணிக்குக் கணக்கு, 10 மணிக்குத் தமிழ் என்று சுவரில் அட்டவணை ஒட்டினேன். ஒருநாள்கூட அதன்படி நடந்ததில்லை. ஒருவனுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் சின்னவன் நோட்டைப் பிடுங்குகிறான். நான் கத்துகிறேன். சாயங்காலமானால் வீடு போர்க்களம் மாதிரி கிடக்கிறது. "பிள்ளைங்க வாழ்க்கையில விளையாடுற" என்கிறார் அத்தை. பெரியவள்தான் எல்லாவற்றையும் தாங்குகிறாள். சின்னவனுக்குச் சோறு ஊட்டுவது, தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவள்தான். அவள் இல்லாவிட்டால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி. அவளே போன வாரம், "அம்மா, நான் திரும்பப் பள்ளிக்கூடம் போகட்டுமா?" என்று கேட்டாள். அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் தோற்றுவிட்டேனா அக்கா? பரீட்சை, சான்றிதழ் விஷயத்தில் சட்டச் சிக்கல் ஏதும் வருமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கேள்விகளுக்கெல்லாம் வருகிறேன். ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒரு வரியில்தான் என் மனசு நின்றுவிட்டது. "அவள் இல்லாவிட்டால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி." ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது என் பெரியவளுக்கு 10 வயது. அடுத்தவனுக்கு 8, மூன்றாவது பெண்ணுக்கு 5, பாப்பாவுக்கு ஒரு வயதுதான். ஒருநாள் ராத்திரி எல்லோரும் தூங்கியபிறகு அவளுடைய கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று வாரமாகப் பின்னக் கணக்கில் ஒரே பக்கத்தில் நின்றிருந்தது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் தம்பிக்குப் போட்டுக்காட்டிய கழித்தல் கணக்குகள், 52-லிருந்து 27, 61-லிருந்து 38 என்று வரிசையாக. அதற்குக் கீழே தங்கைக்கு எழுதிக்கொடுத்த அ, ஆ. மிச்ச இடத்தில் பாப்பாவின் கிறுக்கல். அவளுடைய நோட்டில் அவளுக்கென்று இருந்தது மூன்றே மூன்று கணக்கு. மறுநாள், "ஏம்மா எங்கிட்ட வந்து கேக்கல?" என்றேன். "நீ பாப்பாகூட இருந்தியேம்மா" என்றாள். கோபமோ வருத்தமோ இல்லாமல் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

பிள்ளைகள் மூன்று நான்கு என்று இருக்கும் வீட்டில், பாடத்துக்கு நேரம் போதவில்லை என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் அங்கே பற்றாக்குறை அம்மாவுக்கு. இருக்கிற ஒரு அம்மாவை யார் சத்தமாக அழுகிறார்களோ அவர்கள் இழுத்துக்கொள்கிறார்கள். சத்தம் போடாத பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. பெரும்பாலும் அது மூத்த பெண்ணாகத்தான் இருக்கும். நம் வீடுகளில் மூத்த பெண்ணைப் பாதி அம்மாவாக்கிவிட்டு, "பொறுப்பான பொண்ணு" என்று பாராட்டுவது ரொம்பக் காலமாக நடக்கிறது. பள்ளிக்கூடத்திலாவது அந்த ஏழெட்டு மணி நேரம் அவள் வெறும் மாணவியாக இருக்கலாம். வீட்டுக்கல்வி என்ற பெயரில் அதையும் நாம் பறித்துவிடக் கூடாது.

அப்புறம் எங்கள் வீட்டில் முதலில் மாறியது, நாளின் ஆரம்பம். நீங்களும் அந்த அட்டவணையைக் கிழித்துவிடுங்கள். காலைச் சாப்பாடு முடிந்ததும் முதல் அரைமணி நேரத்தைக் கடைக்குட்டிக்குக் கொடுங்கள். அடுப்பு, போன், மற்ற பிள்ளைகளின் நோட்டு எதுவும் அப்போது வேண்டாம். தரையில் உட்கார்ந்து அவன் என்ன விளையாடுகிறானோ அதையே நீங்களும் விளையாடுங்கள். பாடம் சொல்லும்போது அவன் நோட்டைப் பிடுங்குவது நோட்டுக்காக இல்லை, உங்களுக்காக. வயிறு நிறைந்த குழந்தை தட்டைத் தள்ளிவிடுகிற மாதிரி, மடியில் போதுமட்டும் இருந்துவிட்ட குழந்தை தானே இறங்கிப் போய்விடும். பாடவேளையில் மட்டும் வெளியே எடுக்கிற சாமான்கள் கொஞ்சம் தனியாக வைத்திருங்கள். எங்கள் பாப்பாவுக்கு ஒரு தாம்பாளத்தில் கொஞ்சம் தண்ணீர், மூன்று டம்ளர், ஒரு கரண்டி. கூடத்திலேயே என் கண்ணெதிரில் உட்கார்ந்து, மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் இருப்பாள். தரை ஈரமாகும். பரவாயில்லை, துடைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, எல்லாப் பாடத்தையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நடத்துவதை விட்டுவிட்டேன். கணக்கும் வாசிப்பும்தான் தனித்தனி. ஆளுக்கு 25 நிமிடம் போதும். பள்ளியில் 40 நிமிடப் பீரியடை வகுப்பு முழுவதும் பங்கு போட்டுக்கொள்கிறது. இங்கே 25 நிமிடமும் ஒரு பிள்ளைக்கே. என் இரண்டாமவனுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் ஏறவே இல்லை. அக்கா நூறு தடவை சொல்லியும் ஏறவில்லை. அவனோடு நான் உட்கார்ந்த முதல் நாள், விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினோம். ஐந்து கட்டு, இரண்டு உதிரி, 52. "இதிலிருந்து ஏழு குச்சி குடு" என்றேன். இரண்டைக் கொடுத்துவிட்டு முழித்தான். கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டு, "பிரிச்சா போதுமா? இதுக்கா கடன்னு சொன்னீங்க?" என்றான். கடன் என்றதால், யாருக்கோ திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்! பத்து வயதுப் பெண்ணுக்கு இதைக் கண்டுபிடிக்கத் தெரியாது. அது அவள் வேலையும் இல்லை.

மற்ற பாடங்களெல்லாம் ஒன்றாகத்தான். 2023-ல் கீழடி அருங்காட்சியகம் திறந்த புதிதில் நான்கு பேரையும் கூட்டிப்போனேன். மதுரையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பாப்பா பானைகளை எண்ணிக்கொண்டே வந்தாள். மூன்றாமவள் பானை ஓட்டில் "ஆதன்" என்று கீறியிருந்த தமிழி எழுத்துகளை, அதாவது தமிழின் மிகப் பழைய எழுத்துகளை, நோட்டில் பார்த்து எழுதினாள். வீட்டுக்கு வந்ததும் எங்கள் பூந்தொட்டியில் ஆணியால் தன் பெயரைக் கீறிவைத்தாள். பையனுக்குச் செங்கல் கட்டுமானம், வடிகால். பெரியவளுக்கு, அகழாய்வில் கிடைத்த ஒரு மாதிரிப் பொருளின் காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 580 என்று கரிமப் பகுப்பாய்வில் எப்படிச் சொல்கிறார்கள் என்பது. அதைப் புரிந்துகொள்ள வேதியியல் வேண்டியிருந்தது. இரண்டு வாரம் அதையே படித்தாள். போனது ஒரு இடம்தான், ஆளுக்கு ஏற்றமாதிரி எடுத்துக்கொண்டார்கள். பாடப்புத்தகங்களுக்கும் கவலை வேண்டாம், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

மூன்றாவது மாற்றம்தான் எனக்கு முக்கியம். சாயங்காலம் 4 முதல் 5 வரை பெரியவள் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே படிப்பாளா, படம் வரைவாளா, தூங்குவாளா, யாரும் கேட்கக் கூடாது. பாப்பா அழுதாலும் அவளைக் கூப்பிடக் கூடாது. முதல் வாரம் இரண்டு தடவை நானே வாய்தவறிக் கூப்பிட்டுவிட்டேன். வீட்டு வேலை அவளுக்கும் உண்டு, ஆனால் தம்பிக்கு எவ்வளவோ அவ்வளவுதான். பாத்திரம் ஒருநாள் அவள், ஒருநாள் அவன். தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடுப்பது அவளாக ஆசைப்பட்டால் மட்டும். ஆசைப்படுகிறாள், அது வேறு விஷயம். நாம் கேட்டுச் செய்வது வேறு, அவளாகச் செய்வது வேறு.

இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் உங்கள் வீட்டுக்காரரும் வர வேண்டும். உங்கள் கடிதத்தில் "நிறுத்திவிட்டோம்" என்பதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. முடிவு இரண்டு பேரும் எடுத்தது. ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து படுக்கை வரை அவர் பார்த்துக்கொள்ளட்டும், அல்லது வாரத்தில் இரண்டு நாள் கணக்கை எடுத்துக்கொள்ளட்டும். கேளுங்கள்.

வீடு கலைந்து கிடப்பதைப் பற்றி: ஐந்து பேர் நாள் முழுக்கப் புழங்குகிற வீடு அப்படித்தான் இருக்கும். மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை எல்லோரும் சேர்ந்து பத்து நிமிடம் எடுத்துவையுங்கள்.

உங்கள் அத்தையின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதற்கு விவரத்தோடு பதில் சொல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்து, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்றும் அதில் ஒரு பிரிவு உண்டு, ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு என்று தண்டனை எதையும் அது சொல்லவில்லை. வீட்டுக்கல்வி என்ற சொல்லே சட்டத்தில் இல்லை. அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. இந்த நிலைமையைத் தெரிந்துகொண்டுதான் இதில் இருக்க வேண்டும். அதே சட்டத்தில் நமக்கு வேண்டிய ஒன்றும் இருக்கிறது. பள்ளியில் சேராமலோ இடையில் நின்றோ போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், விட்டுப்போனதை ஈடுகட்டத் தனிப் பயிற்சியும் கொடுக்க வேண்டும். அதனால் திரும்பிப் போகிற வழி அடைபடவில்லை.

பரீட்சைக்கு என்.ஐ.ஓ.எஸ். இருக்கிறது, தேசியத் திறந்தநிலைப் பள்ளி. மத்திய அரசின் கல்வி வாரியம், 1989-ல் தொடங்கியது. 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம், பன்னிரண்டுக்கு 15. ஐந்து பாடம் தேறினால் போதும், அதில் மொழிப்பாடம் ஒன்று இருக்க வேண்டும். கணக்கு, அறிவியலோடு ஓவியம், மனையியல்கூட எடுக்கலாம். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை பரீட்சை, பதிவு ஐந்து வருஷம் செல்லும். என் பெரியவள் ஏப்ரலில் இரண்டு பாடம், அக்டோபரில் மூன்று என்று எழுதினாள். உங்கள் மகளுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, அவசரமே இல்லை.

கடைசியாக அவள் கேட்டதற்கு வருகிறேன். என் மூன்றாவது பெண் இப்போது பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். எதிர்வீட்டுப் பிள்ளையோடு வேனில் போக வேண்டும் என்று அவள்தான் கேட்டாள், போன ஜூனில் சேர்த்தோம். மற்ற மூன்று பேரும் வீட்டில்தான். காலையில் அவளுக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு இவர்களோடு உட்காருகிறேன். இதில் யாரும் தோற்கவில்லை. நான்கு பிள்ளைக்கும் ஒரே வழி என்று நான் பிடிவாதம் பிடித்திருந்தால்தான் தப்பாகியிருக்கும்.

உங்கள் மகளுக்கு நிஜமாகவே பள்ளிக்கூடம் வேண்டியிருக்கலாம். தோழிகள் வேண்டியிருக்கலாம். இல்லை, ஒருமணி நேரம் சாத்திக்கொள்ள ஒரு கதவு மட்டும் வேண்டியிருக்கலாம். மதுரையிலிருந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது. அவளையும் வீட்டில் வைத்துக் கேட்காதீர்கள், கேட்கும்போது சின்னவன் இடுப்பில் வந்து ஏறுவான், அவள் "ஒண்ணுமில்லம்மா" என்று அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சின்னவர்கள் இரண்டு பேரையும் அவர்கள் அப்பாவிடம் விட்டுவிட்டு, பெரியவளை மட்டும் கூட்டிக்கொண்டு உங்கள் ஊர் மலைக்கோட்டைக்கு ஏறுங்கள். வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள். மேலே போய் உட்கார்ந்ததும் எதையும் கேட்காமல், அவளாகப் பேசும்வரை சும்மா இருங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா